இருளில் மறைந்த முகம்

ஊருக்குச் சென்ற மாணவன் ஒருவன், வாயிற்படியில் அமர்ந்திருந்த தன் பாட்டியை வீட்டினுள் நின்றவாறே கைப்பேசியால் படம் பிடித்தான். பின்னர் அதனை நோக்கியபோது அவன் உள்ளம் சோர்ந்தது. வெளியே வெயில் பளிச்சிட்டது; பாட்டியின் முகமோ இருண்டு கிடந்தது. வாயில் நிலையும் சாய்ந்திருந்தது. அப்படத்தை அழித்துவிடலாமா? வேண்டா. அம்முகம் மறைந்துள்ளதேயன்றி மறைந்தொழியவில்லை.

கணிப்பொறிக்குப் படம் என்பது எண்களின் தொகுதியே ஆகும். 1957ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ரசல் கிர்ஷ், தம் கைக்குழந்தையின் நிழற்படத்தைப் புள்ளிகளாக்கிக் கணிப்பொறியில் ஏற்றினார். அதில் நீளத்திற்கு 176, அகலத்திற்கு 176 என்ற அளவிலேயே புள்ளிகள் இருந்தன. இன்றைய கைப்பேசிப் படங்கள் பலவற்றில் ஒரு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளின் அளவும், பொதுவாக 0 முதல் 255 வரையுள்ள எண்களால் ஒவ்வொரு புள்ளியிலும் குறிக்கப்படும். 0 என்பது இருள். 255 என்பது நிறைந்த ஒளி. பாட்டியின் முகத்தில் சிறிய எண்களே நெருங்கிக் கிடக்கின்றன. அவற்றை உயர்த்தினால் முகம் புலப்படும்.

இதற்கு உதவும் மென்பொருள்கள் பல. 1995இல் கலிபோர்னியப் பல்கலைக்கழக மாணவர் இருவர் தொடங்கிய 'கிம்ப்' என்பது இலவசமாகவே கிடைப்பது.

முதலில், மூலப்படத்தைத் தொடாது ஒரு படி எடுத்துக்கொள்ளல் வேண்டும். பிழை நேரினும் மூலம் காக்கும். அடுத்து, வாயில் நிலை செங்குத்தாக நிற்கும்வரை படத்தைத் திருப்புக. திருப்பியதால் வெறுமையாகும் மூலைகளையும், வேண்டாத ஓரங்களையும் வெட்டுக. பின்னர் ஒளியைத் திருத்துக. படம் முழுவதையும் ஒருசேர ஒளியூட்டினால் வெயில் பகுதி வெளிறிவிடும். ஆதலின் நிழற்பகுதியை மட்டும் சிறிது சிறிதாக உயர்த்துக. இறுதியாக நிறத்தை நோக்குக. பாட்டியின் வெள்ளைச் சேலை நீலம் பாய்ந்து தோன்றினால், மூன்று ஒளிகளும் ஏறத்தாழச் சமமாகும்வரை சரிசெய்க. சேலை வெண்மையானால் முகமும் தன் இயல்பான நிறம் பெறும்.

எனினும், இக்கலைக்கும் எல்லை உண்டு. மூன்று எண்களும் 255ஐ எட்டிவிட்ட இடத்தில் மீட்பதற்கு ஒன்றும் இராது. மிகுந்த இருளை உயர்த்தினால் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தோன்றும். கை நடுங்கியதால் கலங்கிய படமும் முழுமையாகத் தெளியாது. எனவே, முகத்தில் ஒளி விழுமாறு நின்று எடுப்பதே முதல் திருத்தமாகும்.

மற்றோர் எல்லையும் உண்டு. அதனை நாமே வகுத்துக்கொள்ளல் வேண்டும். முகத்துச் சுருக்கங்களைத் துடைக்கும் கருவியும் அம்மென்பொருளில் உள்ளது. அதனைக் கொண்டு எழுபது ஆண்டு வாழ்வின் தடங்களை ஒரு நொடியில் அழித்துவிடலாம். ஆயின், எஞ்சும் முகம் யாருடையது? இருளை நீக்குதல் மீட்பாகும். உண்மையை நீக்குதல் மீட்பாகாது. பேரனுக்கு வேண்டியது அழகிய முகமன்று. பாட்டியின் முகமே அன்றோ!