காணிக்காரர் அறியவேண்டிய சட்டச் சொற்கள்

வயலும் வரம்பும் தெரிந்த எமக்குச் சட்டமூலமும் வர்த்தமானியும் எதற்கு என்று எம்மவர் கேட்பதுண்டு. ஆனால் கரவெட்டியில் இருந்துகொண்டு, வலிகாமத்தில் விட்டுவந்த தோட்டக்காணியைத் தேடும் குடும்பம் இச்சொற்களில் ஒன்றைப் பிழையாக விளங்கிக்கொண்டாலே காணி கைவிட்டுப் போகலாம். ஆகவே சிலவற்றை இங்கு விளக்குகிறோம்.

சட்டமூலமும் சட்டமும்

பாராளுமன்றத்தின் முன் வைக்கப்படும் வரைவே சட்டமூலம். அது முதலில் வர்த்தமானியில் வெளியாகும். பின்னர் மூன்று வாசிப்புகள் நடைபெறும். குழுநிலையில் ஒவ்வொரு வாசகத்தையும் திருத்தலாம். நிறைவேறியபின் சபாநாயகர் சான்றுரை எழுதும்போதே அது சட்டமாகிறது.

இந்த வேறுபாடு பெரிது. சட்டமூலமாக இருக்கும்போது, அது அரசியலமைப்புக்கு முரணானது என்று எந்தப் பிரசையும் உயர் நீதிமன்றில் மனுச் செய்யலாம். அதற்குக் கிடைப்பது சில நாட்களே. சட்டமான பின்னரோ அதன் வலிதுடைமையை எந்த நீதிமன்றமும் கேள்விக்கு உட்படுத்த முடியாது. அரசியலமைப்பின் 80ஆம் உறுப்புரை இதைத் தடுக்கிறது.

எமது காணியோடு தொடர்புள்ள உதாரணம் ஒன்று. ஒருவர் இன்னொருவரின் தனியார் காணியை உரிமையாளருக்கு எதிராகத் தடையின்றிப் பத்து வருடம் ஆண்டால், 1871ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டத்தின்படி ஆட்சியுரிமை கோரலாம். போரினால் ஊர்திரும்ப முடியாதவர்களுக்கு இது அநீதி என்பதால், 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்துக்கு அது விசேட ஏற்பாடு செய்தது. ஆனால் பயங்கரவாத ஆயுதக்குழுவின் செயற்பாடுகளால் உரிமையைக் கோர முடியாமற் போனவர் என்றே அதன் வாசகம் அமைந்தது. உயர் பாதுகாப்பு வலயத்தால் வெளியேறியவருக்கு இது பொருந்துமா? இத்தகைய கேள்வியைச் சட்டமூலக் கட்டத்திலேயே எழுப்பவேண்டும்.

அறிவித்தல் சட்டமல்ல

2025 மார்ச் 28இல் வடக்கில் 5,940 ஏக்கர் காணி பற்றி வர்த்தமானி அறிவித்தல் வெளியானது. மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிடின் அவை அரச காணியாகலாம் என்ற அச்சம் பரவியது. அது புதிய சட்டமல்ல. இருந்த சட்டமொன்றின் கீழ் வந்த அறிவித்தல். ஆகவே நீதிமன்றம் செல்ல வழி இருந்தது. ஜூன் மாத இறுதியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசாங்கமும் அறிவித்தலை மீளப்பெற்றது.

குற்றமா, உரிமைப் பிணக்கா?

சட்டம் தண்டனை விதிக்கும் செயலே குற்றம். பெரும்பாலானவை 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் உள்ளன. காணிக்குள் ஒருவர் நுழைந்தாலே அது குற்றமாகிவிடாது. குற்றம் புரியவோ, அங்கிருப்பவரை மிரட்டவோ, அவமதிக்கவோ, தொந்தரவு செய்யவோ எண்ணி நுழைந்தால்தான் குற்றமுறையான அத்துமீறல் ஆகும். 'இது என் காணி' என இருவரும் நேர்மையாக வாதிட்டால், அது மாவட்ட நீதிமன்றம் தீர்க்கும் குடியியல் வழக்கு.

அடிதடி மூளக்கூடிய காணிப் பிணக்கை 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் பொலிசாரோ, பிணக்குப்பட்டவரோ ஆரம்ப நீதிமன்றத்தின் முன் கொண்டுவரலாம். பலாத்காரமாக வெளியேற்றப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் அங்கு வந்தால் ஆட்சியை மீளப்பெற வாய்ப்புண்டு. 'பெருநாள் கழியட்டும், அறுவடை முடியட்டும்' என்று காத்திருந்தால் இவ்வழி அடைபட்டுவிடும்.

இன்னும் இரண்டு சொற்கள். அழைப்பாணை என்பது குறித்த நாளில் நீதிமன்றம் வரும்படி விடுக்கும் கட்டளை. பிடியாணை என்பது கைதுசெய்து கொண்டுவரும் கட்டளை. முதலாவதை அலட்சியம் செய்தால் இரண்டாவது வரலாம்.

நாம் செய்யக்கூடியவை

உறுதியின் பிரதியொன்றை வேறிடத்தில் வையுங்கள். உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் தேடுங்கள். பொலிஸ் முறைப்பாட்டின் இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள். விளங்காத கடதாசியில் ஒப்பமிடாதீர்கள். சட்டத்தரணியை அமர்த்த வசதியில்லாதோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். ஊரில் நாலு பேர் சேர்ந்து புதிய வர்த்தமானியை வாசித்துப் பேசும் பழக்கத்தையும் ஏற்படுத்துவோம். அடுத்த சட்டமூலம் வரும்போது, அது சட்டமாகுமுன் நாம் அதை வாசித்திருக்க வேண்டும்.