நம் இருவராலும் முடியுமா?

ஜுரத்தை அளக்கத் தெர்மாமீட்டர் இருக்கிறது. தம்பதிகளின் தைரியத்தை அளக்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்டால் சிரிப்பீர்கள். சிரிக்க வேண்டாம், இருக்கிறது! ஒரு காகிதமும் பென்சிலும்தான் அந்தக் கருவி.

"புற்றுநோய்" என்று டாக்டர் சொன்ன மாத்திரத்தில் இடி விழுவது ஒருவர் தலையில் மட்டுமா? நோய் மனைவியின் உடம்பில் இருக்கலாம். தூக்கம் போவது இருவருக்கும் அல்லவா? ஆனால் நடப்பது என்ன? 'அவர் கலங்கிவிடுவாரே' என்று அவள் வலியை மறைக்கிறாள். 'அவள் பயந்துவிடுவாளே' என்று அவர் கவலையை மறைக்கிறார். ஒரே கூரையின் கீழ் இருவரும் தனித்தனியே அழுகிறார்கள். எல்லாம் அன்பினால் வந்த வினை!

அமெரிக்க மனோதத்துவ நிபுணர்களான காய்ன், ஸ்மித் இருவரும், மாரடைப்புக் கண்டவர்களின் மனைவிமாரை ஆராய்ந்து 1991-ல் இதைப் பற்றி எழுதினார்கள். இப்படி மறைத்து வைத்த மனைவிமாருக்கு மன வேதனை அதிகமாகவே இருந்ததாம்.

சரி, தைரியத்தை அளப்பது எப்படி? ஸ்டான்போர்டு சர்வகலாசாலைப் பேராசிரியர் ஆல்பர்ட் பண்டூரா, 'நம்மால் முடியும்' என்ற நம்பிக்கை உள்ளவனே ஒரு காரியத்தில் இறங்கி, இடையில் கைவிடாமல் நிற்பான் என்று 1977-ல் எடுத்துச் சொன்னார். அதை அளக்க அவர் காட்டிய வழி சுலபமானது. 'செய்வீர்களா?' என்று கேட்கக் கூடாது, 'முடியுமா?' என்று கேட்க வேண்டும். அறவே முடியாது என்றால் 0. நிச்சயமாக முடியும் என்றால் 100. 'நீங்கள் தைரியசாலியா?' என்று மொட்டையாகக் கேட்டும் பயனில்லை. இன்ன காரியம் என்று குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்.

ஸ்விட்ஜர்லாந்தில் ஜூரிச் சர்வகலாசாலைப் பேராசிரியர் போடன்மான் தம்பதிகளுக்கென்றே 37 கேள்விகள் தயாரித்தார். கஷ்டம் வந்தால் நான் என்ன செய்கிறேன், என் துணை என்ன செய்கிறார், இருவரும் சேர்ந்து என்ன செய்கிறோம் என்பவை அவை.

இத்தகைய எண்ணங்களை ஒட்டியே, புற்றுநோய் கண்ட தம்பதிகளின் கூட்டு நம்பிக்கையை அளக்கும் கேள்விகளும் பிறந்தன. 'என்னால் முடியுமா?' என்பதல்ல கேள்வி. 'நம் இருவராலும் முடியுமா?' என்பதே. சிகிச்சையைப் பற்றிக் கூடிப் பேசி முடிவு செய்ய முடியுமா? குழந்தைகளிடம் பக்குவமாகச் சொல்ல முடியுமா? நோய் திரும்பி வருமோ என்ற பயத்தை ஒருவரிடம் ஒருவர் வாய்விட்டுச் சொல்ல முடியுமா?

இருவரும் தனித்தனியே மார்க் போட வேண்டும். கணவர் 90 போட்டார், மனைவி 40 போட்டாள் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 65, பரவாயில்லை என்று எழுந்து போய்விடலாமா? கூடாது! இடையே உள்ள அந்த 50-தான் விஷயம். அவர் திடமாக இருப்பதாக நினைக்கும் இடத்தில் அவள் தனியாக நிற்கிறாள். பேச்சைத் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

நிறைய மார்க் வாங்கினால் கட்டி கரைந்துவிடாது. அது டாக்டர்களின் வேலை. குறைந்த மார்க் வாங்கியவர்கள் அன்பில் குறைந்தவர்களும் அல்ல. எந்தச் சுமையை இன்னும் ஒருவரே தூக்குகிறார் என்று தெரிகிறது, அவ்வளவுதான். தெரிந்துவிட்டால் மற்றவரும் கை கொடுக்கலாம் அல்லவா?

உங்கள் வீட்டில் நோய் நொடி எதுவும் இல்லாமல் இருக்கட்டும். ஆனாலும் ஏதோ ஒரு கவலை இருக்குமே! இன்றிரவு சாப்பாடு ஆனதும் அந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் பாருங்களேன்.