கரண்டு கம்பியில் கரிச்சான்: பார்த்தால் பதிவு செய்யுங்கள்!

பொன்மலை ரயில்வே காலனி மரங்களுக்கு நடுவிலோ, ஸ்ரீரங்கத்தைச் சுற்றியுள்ள வயல்வெளியிலோ, கரண்டு கம்பியில் தனியாக உட்கார்ந்திருக்கும் கருப்புக் குருவியைப் பார்த்திருப்பீங்க. பளபளக்கும் கருப்பு உடம்பு, இரண்டாகப் பிரிந்த நீண்ட வால், வாயோரம் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி. அதுதான் கரிச்சான். இரட்டைவால் குருவி, கரிக்குருவி, வலியன் என்றும் சொல்வாங்க. ஆண் குயிலும் கருப்புதான். ஆனால் அதற்குக் கண் சிவப்பு, வால் பிளவுபடாது.

எங்கே வாழும்?

அடர்ந்த காடு இதற்குத் தேவையில்லை. திறந்த வெளி, உட்கார ஒரு கம்பியோ கிளையோ, பிடித்துத் தின்னப் பூச்சி, கூடு கட்ட ஒரு மரக்கிளை இருந்தால் போதும். அதனால்தான் வயலிலும் ஊருக்குள்ளும் இருக்கிறது. மாடு மேயும்போது கிளம்பும் வெட்டுக்கிளிகளைப் பிடிக்க மாட்டின் முதுகிலேயே சவாரி செய்யும். கூட்டுப் பக்கம் காகம், பருந்து வந்தால் துரத்தியடிக்கும். அந்தத் தைரியத்தை நம்பி, புறா, மாங்குயில் போன்ற பறவைகள் அதன் பக்கத்திலேயே கூடு கட்டுவதும் உண்டு.

விவசாயிகளுக்கும் இது நண்பன். ‘டி’ வடிவக் குச்சிகளை ஏக்கருக்கு 20 வரை நட்டு வைத்தால், அதில் உட்கார்ந்து பயிரைத் தின்னும் புழு பூச்சிகளைப் பிடிக்கும். மருந்துச் செலவும் குறையும்.

ஆபத்தில் இருக்கிறதா?

இல்லை. ஐ.யு.சி.என். சிவப்புப் பட்டியலில் ‘கவலை குறைந்த இனம்’ என்றுதான் இருக்கிறது. ஆனால், ‘எங்கும் இருக்கே’ என்று விட்டுவிட முடியாது. பிணந்தின்னிக் கழுகுகளும் ஒரு காலத்தில் எங்கும் இருந்தவைதான். கால்நடைகளுக்குப் போட்ட டைக்ளோஃபீனாக் மருந்தால் 1990-களில் பெரும்பகுதி அழிந்தன. 2006-ல் அந்த மருந்துக்குத் தடை வருவதற்குள் நிலைமை கைமீறியிருந்தது. சாதாரணப் பறவை குறைவது சீக்கிரம் கண்ணில் படாது. எண்ணி வைத்தால்தான் தெரியும்.

நீங்கள் செய்யக்கூடியவை

• ‘மெர்லின்’ செயலியை இலவசமாகப் பதிவிறக்குங்கள். படம் எடுத்தோ குரலைப் பதிவு செய்தோ கொடுத்தால், என்ன பறவையாக இருக்கும் என்று காட்டும்.

• ‘இபேர்ட்’ செயலியில் இடத்தைக் குறித்து, 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளையெல்லாம் எண்ணிப் பதியுங்கள். காகம், மைனாவையும் விடாதீங்க.

• ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் வீட்டு மாடியிலிருந்தே கலந்துக்கலாம்.

• ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை கூடு கட்டும் காலம். கிளை கழிக்கும் முன் கூடு இருக்கிறதா என்று ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். படம் எடுக்கக் கூட்டின் அருகே போக வேண்டாம்.

• பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் கீழ் வரும் விஷயம். அப்படி யாராவது செய்தால் மாவட்ட வன அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

இன்று உங்கள் தெருவில் இரண்டு கரிச்சான் என்று நீங்கள் பதிவது, பத்து வருஷம் கழித்து அவை கூடினவா குறைந்தனவா என்று சொல்லும் சாட்சியாக இருக்கும்.