சுகர் இறங்கும்போது

திருமலையின் அலிபிரி அடிவாரத்தில் விடிவதற்கு முன்பே கூட்டம் சேர்ந்துவிடும். பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் மலையேறிப் பெருமாளைச் சேவிப்பதாக வேண்டிக்கொண்டு வருகிறவர்கள் அதில் நிறையப் பேர். படிகள் 3,550, நடைதூரம் சுமார் 9 கிலோமீட்டர். செங்குத்தான ஏற்றத்தின் பெரும்பகுதி காலி கோபுரத்துக்கு முன்பே வந்துவிடுகிறது. வழக்கம்போல இன்சுலின் போட்டுக்கொண்டு, அல்லது கிளிமிபிரைடு மாத்திரையை விழுங்கிவிட்டு, டிபனை மட்டும் 'தரிசனம் முடியட்டும்' என்று தள்ளிவைத்து ஏறும் சர்க்கரை நோயாளிக்கு இந்தப் படிகள் ஆபத்தானவை. போட்ட மருந்து வேலை செய்துகொண்டே இருக்கும். ஏறும் கால்களின் தசைகளும் ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொண்டே இருக்கும். வயிற்றிலிருந்து வந்து சேருவது மட்டும் ஒன்றுமில்லை.

திருமலை திருப்பதி தேவஸ்தானம் 2024இல் வெளியிட்ட அறிவிப்பில், 60 வயதைத் தாண்டியவர்களும் சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்களும் நடைபாதையைத் தவிர்ப்பது நல்லது என்று வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டது. 1,500ஆம் படி, காலி கோபுரம், பாஷ்யக்காரர் சன்னிதி ஆகிய இடங்களில் மருத்துவ உதவி கிடைக்கும் என்றும் அதிலேயே சொல்லப்பட்டிருந்தது. மலை மேலே அஸ்வினி மருத்துவமனை. கீழே திருப்பதியில் ரூயா ஆஸ்பத்திரியும், தேவஸ்தான ஆதரவோடு 1993இல் தொடங்கிய ஸ்விம்ஸ் மருத்துவமனையும். ஆனால் இந்த இடங்களுக்குப் போய்ச் சேரும் வரையிலான நிமிடங்களில் நோயாளியின் பக்கத்தில் இருப்பது டாக்டரோ நர்ஸோ அல்ல. மனைவி, மருமகன், பக்கத்துப் படியில் ஏறிக்கொண்டிருக்கும் முன்பின் தெரியாத ஒருவர். தாழ்சர்க்கரையில் முதல் சிகிச்சை இவர்கள் கையில்தான் இருக்கிறது.

ரத்த சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அது எச்சரிக்கை. 54க்குக் கீழே போனால் தாமதிக்கவே கூடாது. கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், சட்டை தெப்பமாக நனையும், அகோரப் பசி எடுக்கும். உடம்பு கொடுக்கும் இந்த முதல் மணியை அலட்சியப்படுத்தினால் அடுத்து பாதிக்கப்படுவது மூளை. மூளைக்குக் குளுக்கோஸ்தான் பிரதான உணவு. அதைச் சேமித்து வைக்க அதனிடம் இடமில்லை. பேச்சு குழறும், நடை தள்ளாடும், சாதுவான மனிதர் திடீரென்று எரிந்து விழுவார். சிலருக்கு ஒரு பக்கக் கைகால் விழுந்து பக்கவாதம் போலவே தோன்றும். பல வருடம் இன்சுலின் போட்டவர்களில் சிலருக்கு அந்த முதல் மணியே அடிக்காமல் போய்விடுவதும் உண்டு. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்படும் சில மாத்திரைகள் படபடப்பை மறைத்துவிடும்.

தள்ளாடுகிறவரைப் பார்த்தவுடன் 'குடித்திருக்கிறான்' என்று முடிவு கட்டுவது உலகம் முழுக்க நடக்கிறது. 1984இல் அமெரிக்காவின் சார்லட் நகரில் டெத்தோர்ன் கிரஹாம் என்பவர், சுகர் இறங்குவதை உணர்ந்து ஆரஞ்சுச் சாறு வாங்கக் கடைக்குள் ஓடினார். வரிசை நீளமாக இருந்ததால் உடனே வெளியே வந்து நண்பரின் காரில் ஏறிவிட்டார். அந்த அவசரத்தைக் கண்டு சந்தேகப்பட்ட போலீஸ் காரை மடக்கியது. அவர் மயங்கி விழுந்தபோதும் விலங்கு பூட்டினார்கள். நண்பர் ஒருவர் கொண்டுவந்த ஆரஞ்சுச் சாற்றைக் குடிக்க விடவில்லை. கிரஹாமின் கால் எலும்பு முறிந்தது. வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போய், 1989இல் வந்த தீர்ப்பு இன்றைக்கும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது. திருப்பதி பஸ் ஸ்டாண்டிலோ சித்தூர் மார்க்கெட்டிலோ ஒருவர் வேர்த்து விறுவிறுத்து உளறினால், வாயை முகர்ந்து பார்ப்பதற்கு முன் 'சுகர் இருக்கா?' என்று கேட்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

நினைவு இருந்தால், விழுங்க முடிந்தால், வாய் வழியாகவே சரிசெய்துவிடலாம். 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று நான்கு தேக்கரண்டி, தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறியபின் இட்லியோ சாதமோ சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி இறங்கும். சித்தூர்ப் பக்கத்து வீடுகளில் வெல்லத்துக்குப் பஞ்சமே இல்லை. தட்டித் தண்ணீரில் கரைத்தால் அதுவும் உதவும். பையில் இருக்கும் திருப்பதி லட்டு மட்டும் இந்த நேரத்துக்கு ஏற்றதல்ல. நெய் சேர்ந்த பண்டம் வயிற்றில் மெதுவாகத்தான் இறங்கும், அதிலுள்ள சர்க்கரையும் கூடவே தாமதமாகும். சாக்லேட்டுக்கும் இதே குறைதான்.

பலருக்குத் தெரியாத ஒன்று இங்கே இருக்கிறது. நம் ஊரில் ஏராளமானோர் சாப்பிடும் வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரைகள் சாதாரணச் சர்க்கரை குடலில் உடைவதையே தடுப்பவை. இவற்றைச் சாப்பிடுகிறவருக்குச் சுகர் இறங்கினால் சீனித் தண்ணீரும் வெல்லமும் வேகமாகக் கை கொடுக்காது. உடைய வேண்டிய தேவையே இல்லாத குளுக்கோஸ் பவுடர்தான் கொடுக்க வேண்டும். மருந்துக்கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் ஒரு பாக்கெட்டை மாத்திரைப் பட்டையோடு சேர்த்தே வைத்துக்கொள்வது இவர்களுக்கு அவசியம்.

நினைவு தப்பிவிட்டால் கதையே வேறு. வாயில் ஒரு சொட்டு ஊற்றக் கூடாது. பதற்றத்தில் சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டி, அது நுரையீரலுக்குள் போய், தாழ்சர்க்கரையோடு மூச்சுத்திணறலையும் சேர்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருவது கொடுமை. ஆளை ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழைப்பதுதான் வழி. ஒன்றுபட்ட ஆந்திராவில் 2005 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிப் பிறகு மற்ற மாநிலங்களுக்கும் பரவிய சேவை இது.

மயங்கிக் கிடப்பவரிடம் வருகிற உதவியாளர் செய்ய வேண்டிய முதல் வேலை விரல் நுனியில் ஒரு குத்து. குளுக்கோமீட்டர் சில நொடியில் எண்ணைக் காட்டிவிடும். 30, 25 என்று வந்தால் முழங்கை மடிப்பில் நல்ல நரம்பாகப் பார்த்து ஊசி இறக்கி, 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி ஏற்றுவார்கள். அதில் இருப்பது 25 கிராம் குளுக்கோஸ். பிசுபிசுப்பான திரவம் என்பதால் மெதுவாகத்தான் போக வேண்டும். நரம்புக்கு வெளியே கசிந்தால் சதையே புண்ணாகிவிடும். பாட்டில் முடியும் முன்பே பலர் கண் திறந்துவிடுகிறார்கள். 'நான் எங்கே இருக்கேன், எல்லாரும் ஏன் அழறீங்க?' என்று கேட்கிற அந்த நிமிடத்தை அவசரப் பிரிவில் வேலை பார்த்த யாரும் மறப்பதில்லை.

இதைப் பார்த்த குடும்பம் 'சரியாயிட்டாரே, கிளம்பலாம்' என்று அவசரப்படுவது இயல்பு. அங்கேதான் அடுத்த ஆபத்து. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் கணையத்தை இன்சுலின் சுரக்க வைத்துக்கொண்டே இருப்பவை. சிறுநீரகம் பழுதான முதியவரின் உடம்பில் அவை சீக்கிரம் கழியாது. ஏற்றிய குளுக்கோஸ் தீர்ந்ததும் சுகர் மீண்டும் சரியும், பெரும்பாலும் எல்லோரும் தூங்கும் நேரத்தில். அதனால்தான் ஒரு நாளாவது வார்டில் வைத்து மணிக்கணக்கில் சோதிக்கிறார்கள்.

நரம்பு தேடாமலே மயக்கம் தெளிவிக்க ஒரு மருந்து உண்டு: குளுகாகன். ஈரலில் சேர்ந்துள்ள குளுக்கோஸை வெளியே தள்ளும் இந்த ஹார்மோனை வீட்டில் இருப்பவரே தொடையில் ஊசியாகப் போடலாம். மூக்கில் செலுத்தும் பொடியாக 2019இல் அமெரிக்கா அனுமதித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்து இது. ஆனாலும் சின்ன ஊர்களின் மருந்துக்கடையில் கேட்டால் கிடைப்பது அரிது. பிறவியிலேயே இன்சுலின் சுரக்காத குழந்தைகளும் சிறு வயதிலேயே ஊசிக்கு வந்துவிட்ட பிள்ளைகளும் இருக்கும் வீடுகளுக்கு இது பெரிய குறை. அரசு மருத்துவமனைகள் வழியாகவாவது இவர்களுக்கு இது கிடைத்தாக வேண்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வரும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: 'பழைய டோஸையே தொடரலாமா?' பெரும்பாலும் தொடரக் கூடாது. வயதானவருக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கும் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c 7 சதவீதத்துக்குள் இருந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை; 8 வரை போனாலும் பரவாயில்லை என்றே இன்றைய வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. சாப்பாடு குறைந்த நாளில் எந்த மாத்திரையை நிறுத்துவது, விரதம் இருப்பதா வேண்டாமா, மலைக்கு நடந்து போவதா பஸ்ஸில் போவதா என்பதையெல்லாம் டிஸ்சார்ஜ் சீட்டிலேயே டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளலாம். சித்தூரிலிருந்து வேலூருக்கும் திருப்பதிக்கும் மாறி மாறி வைத்தியம் பார்க்கிற குடும்பங்கள், ஒரு டாக்டர் எழுதிய மாத்திரைப் பெயர்களை இன்னொரு டாக்டரிடம் காட்டாமல் விட்டுவிடுவதுண்டு. ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இரண்டு முறை உள்ளே போவது அப்படித்தான்.