விருந்தும் மருந்தும் மூன்று நாள்!
தங்கவயல் வீடுகளில் கை வைத்தியம்

மாரிக்குப்பத்தில் இருந்து பெங்களூர் செல்லும் காலை ரெயிலில் யாராவது ஒருவர் இருமினால் போதும். உடனே எதிர் சீட்டில் இருந்து ஒரு வைத்தியம் வரும். தூதுவளையை நெய்யில் வதக்கித் தின்னச் சொல்வார் ஒருவர். கற்பூரவல்லிச் சாறும் தேனும் என்பார் இன்னொருவர். மூன்றாமவர், அதெல்லாம் வேண்டாம், பாலில் மிளகும் மஞ்சளும் போட்டுக் குடித்தால் போதும் என்பார். வண்டி பங்காருபேட்டையைச் சேருவதற்குள் நாலைந்து மருந்து சேர்ந்துவிடும்.

சொன்னவர்களில் ஒருவர்கூட வைத்தியர் அல்ல. பாக்டரித் தொழிலாளி, கட்டிட மேஸ்திரி, ஆபீஸ் குமாஸ்தா. ஆனால் கோலார் தங்கவயலில் பிறந்தவர்களுக்கு இந்த வைத்தியம் தாய்மொழியைப் போல வந்துவிடுகிறது.

காரணம் இருக்கிறது. 1880-ம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனி இங்கே தங்கம் தோண்டத் தொடங்கியது. அப்போது வேலை தேடி வந்தவர்களில் வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கத்து ஏழைகள் ஏராளம். மூட்டையில் அதிகம் கொண்டு வரவில்லை. பாட்டி சொன்ன மருந்து மட்டும் கூடவே வந்தது. அதற்கு வேண்டிய செடிகளும் இங்கேயே கிடைத்தன. வேலி ஓரத்தில் நொச்சி, ஆடாதொடை. மழை பெய்தால் வாசலிலேயே கீழாநெல்லி. மற்றது எல்லாம் ராபர்ட்சன்பேட்டை நாட்டு மருந்துக் கடையில் பொட்டலமாகக் கிடைக்கும்.

சுக்குக் கஷாயம்

தங்கவயல் கடல் மட்டத்துக்கு மேல் 2,700 அடிக்கும் அதிக உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை இரவுகளில் குளிர் பல்லைக் கிட்டிக்கும். சுரங்கம் ஓடிய காலத்தில் நிலைமை இன்னும் மோசம். சாம்பியன் ரீப் சுரங்கம் பூமிக்குள் 3 கிலோ மீட்டருக்கும் கீழே போனது. அங்கே பாறையே சுடும். வியர்வையில் குளித்த உடம்போடு மேலே வந்தால் ஊசிக் காற்று. சளி பிடிக்காமல் என்ன செய்யும்?

அதனால் லைன் வீடுகளில் சுக்கு இல்லாத அஞ்சறைப் பெட்டி கிடையாது. ஒரு துண்டு சுக்கைத் தட்டி, பத்து மிளகைப் பொடித்து, ஒரு கைப்பிடி துளசி சேர்த்து இரண்டு டம்ளர் தண்ணீரில் போடுவார்கள். அது ஒரு டம்ளராகச் சுண்டியதும் பனைவெல்லம் சேர்த்து இறக்குவார்கள். திப்பிலியும் சேர்ந்தால் அது திரிகடுகம். தொண்டைக்கு இதமாக இருக்கும். மூக்கடைப்பு விடும். சாதாரண ஜலதோஷம் எப்படியும் ஒரு வாரத்தில் தானாகப் போய்விடும். அந்த ஒரு வாரத்தைத் தள்ள இதைவிட மலிவான துணை இல்லை.

ஆடாதொடையின் கதை இன்னும் சுவையானது. ஆடு தொடாத இந்தச் செடியின் இலையில் வாசிசின் என்ற பொருள் இருக்கிறது. அதைப் பின்பற்றித்தான் பிரோம்ஹெக்சின் என்ற மருந்தை விஞ்ஞானிகள் உண்டாக்கினார்கள். மருந்துக் கடையில் விற்கும் பல இருமல் சிரப்புகளில் இன்றைக்கும் அது இருக்கிறது. ஆனால் கர்ப்பிணிகள் ஆடாதொடையைத் தொடக்கூடாது. வாசிசின் கருப்பையைச் சுருங்க வைக்கும். அதேபோல, எந்த மருந்தானாலும் ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேனில் குழைத்துக் கொடுக்காதீர்கள். அந்த வயதில் தேனே நஞ்சாகக் கூடும்.

வயிற்றுக்கு

வயிற்று மந்தத்துக்கு ஓமத் தண்ணீர். இஞ்சிச் சாறு எடுத்தால், அதைத் தெளிய வைத்து, அடியில் படியும் வெள்ளை வண்டலை நீக்கிவிட்டுக் குடிப்பது வழக்கம். வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளிக் கீரை. சுளுக்குக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்று. இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லோர் வீட்டிலும் நடப்பதுதான்.

வயிற்றுப்போக்குக்குத்தான் கவனம் வேண்டும். சில வீடுகளில் பேதியாகும் குழந்தைக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் வயிற்றைக் காயப் போடுகிறார்கள். இது தவறு. குழந்தையின் உயிரைக் குடிப்பது பேதியில் வெளியேறும் தண்ணீரும் உப்பும்தான். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி அருமையான மருந்து. இன்னொன்று: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு. இந்த அளவு மாறக்கூடாது. உப்பு கூடினால் ஆபத்து.

காமாலையும் கீழாநெல்லியும்

மஞ்சள் காமாலை என்றால் தமிழன் கீழாநெல்லியைத் தேடுவான். வேரோடு பிடுங்கி அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, மோரில் கலக்கிக் குடிப்பான். இதை மூட நம்பிக்கை என்று டாக்டர்களே ஒதுக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தியாகராஜன் குழுவினர், நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்குடன் சேர்ந்து, 1988-ல் "லான்செட்" மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஹெபடைடிஸ் பி கிருமியை ரத்தத்தில் சுமந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி கொடுத்தார்கள். 37 பேரில் 22 பேருடைய ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்ததாகக் கண்டார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.

சாதாரணக் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே இறங்கும். புகழ் கீழாநெல்லிக்குப் போய்விடுகிறது. போகட்டும், அதனால் நஷ்டம் இல்லை. ஆனால் கண்ணில் சாறு பிழிவதும், கையில் சூடு போடுவதும் வேண்டவே வேண்டாம். கர்ப்பிணிக்குக் காமாலை வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக்கூடாது. ஹெபடைடிஸ் இ என்ற வகை அவர்களைக் கொன்றுவிடும்.

நிற்காத இருமல்

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பது பழமொழி. மூன்று நாளில் கேட்காவிட்டால் நோய் வேறு என்று பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. தங்கவயலில் மற்ற எல்லா நோய்க்கும் இந்தக் கெடுவை மக்கள் மதித்தார்கள். இருமலுக்கு மட்டும் மதிக்கவில்லை.

தங்கம் இருந்தது வெள்ளைக்கல் பாறையில். அதைத் துளைத்தால் கண்ணுக்குத் தெரியாத மணல் தூசி பறக்கும். மூச்சோடு போகும் அந்தத் தூசி நுரையீரலின் அடியில் தங்கி, அங்கே தழும்பாக இறுகிப் போகும். சிலிக்கோசிஸ் என்பது இதுதான். 1940 முதல் 1946 வரை இங்கே 7,600-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைச் சோதித்தார்கள். 100-க்கு 40 பேருக்கும் மேல் இந்த நோய் இருந்தது! அவர்களில் எத்தனை பேர் இருமலுக்கு ஆண்டுக்கணக்கில் சுக்குக் கஷாயம் குடித்திருப்பார்கள்?

கஷாயம் இரைப்பைக்குப் போகிறது. தூசி இருப்பது நுரையீரலில். இரண்டும் சந்திப்பதே இல்லை.

தூசியில் உழைப்பவர்கள் வெல்லம் தின்றால் தூசி இறங்கிவிடும் என்ற நம்பிக்கை நாடு முழுவதும் உண்டு. லக்னோ தொழிலக நச்சியல் ஆய்வு மையத்தில் இதையும் சோதித்தார்கள். வெல்லம் தின்ற எலிகளின் நுரையீரலில் இருந்து தூசி கூடுதலாக வெளியேறியதாக 1994-ல் எழுதினார்கள். எலிக்குச் சரி. பாறை தூசியை 20 ஆண்டு சுவாசித்த மனிதனுக்கு வெல்லம் போதும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. இறுகிய தழும்பை இளக்க இங்கிலீஷ் மருந்திலும் வழி இல்லை.

சுரங்கம் மூடிய பிறகு

2001 பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கம் மூடப்பட்டது. கம்பெனி ஆஸ்பத்திரியும் மூடியது. சுமார் 20 ஆண்டு பூட்டிக் கிடந்த அந்தக் கட்டிடத்தை 2021-ல் கொரோனா நோயாளிகளுக்காகத் திறந்தார்கள். ஆஸ்பத்திரி கைக்கு எட்டாமல் போனதும் வீட்டு மருந்தின் மதிப்பு ஏறிவிட்டது. ரெயில் ஏறி வேலைக்குப் போகிறவனுக்கு டாக்டரைப் பார்க்க ஒரு நாள் கூலி போகிறது. கஷாயத்துக்கு இரண்டு துண்டு சுக்குதான் செலவு.

ஆனால் சுரங்கம் மூடியதோடு தூசி நோய் தீரவில்லை. வேலையை விட்ட பிறகும் அது உள்ளே வளரும். 1990-ல் 25 வயதில் குழிக்குள் இறங்கியவருக்கு வயது 60 ஆகிவிட்டது. இப்போதுதான் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கத் தொடங்குகிறது. வயசாகிவிட்டது என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். போதாக்குறைக்கு, பாறையை அரைத்துத் தங்கம் எடுத்த பிறகு கொட்டிய 13 சயனைடு மண் மேடுகள் ஊரைச் சுற்றி நிற்கின்றன. மொத்தம் சுமார் 3 கோடியே 30 லட்சம் டன். காற்று அடித்தால் அந்த மண் குழிக்குள் இறங்காதவர்களின் வீட்டுக்கும் வருகிறது.

தூசி படிந்த நுரையீரலைக் காசநோய் எளிதில் பிடிக்கும். இதற்கு மட்டும் நல்ல மருந்து இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவது, சளியில் ரத்தம் என்றால் அரசு ஆஸ்பத்திரியில் சளியைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். சோதனை இலவசம். காசநோய் என்று தெரிந்தால் மாத்திரைகளும் இலவசம். சாதாரணமாக 6 மாதம் சாப்பிட வேண்டும். இருமல் நின்றுவிட்டது என்று இரண்டாம் மாதமே நிறுத்தினால் கிருமி முரண்டு பிடிக்கும். நோயாளியின் சாப்பாட்டுச் செலவுக்காக மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது. 2024 நவம்பரில் அது 1,000 ரூபாயாக உயர்ந்தது.

கஷாயத்தை விட வேண்டும் என்பதில்லை. கஷாயத்தைக் குடித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போகலாம். என்ன குடிக்கிறோம் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும். அதோடு, எந்தச் சுரங்கத்தில், எத்தனை ஆண்டு, குழிக்குள்ளா மேலேயா என்பதையும் சொல்ல வேண்டும். பெங்களூரில் இருக்கும் டாக்டருக்கு அது தெரிய வழியில்லை. நாம் சொன்னால்தான் எக்ஸ்ரே எடுக்கத் தோன்றும்.

சளிச் சோதனைக்கு, காலையில் எழுந்ததும் பல் விளக்கும் முன் காறி எடுக்கும் சளி வேண்டும். ஆஸ்பத்திரியில் அதற்கு மூடி போட்ட டப்பா கொடுப்பார்கள். முதல் நாளே போய் வாங்கி வைத்துக்கொண்டால், காலை ரெயிலை ஒரு நாள் மட்டும் விட்டால் போதும்.