பேர்மிற்றில் யாருடைய பெயர்?

இரணைமடு, முத்தையன்கட்டு, பாவற்குளம் முதலான குளங்களின் கீழ் வயல் செய்யும் குடும்பங்கள் பலவற்றுக்குக் காணி உரிமை என்பது ஒரு பேர்மிற்றாகும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி வழங்கப்பட்ட அப்பத்திரத்தில் வழமையாக ஒரு பெயரே இருக்கும். அது பெரும்பாலும் குடும்பத் தலைவனின் பெயர். களை பிடுங்குவதும், நெல் அவித்துக் காயவைப்பதும், மாடு கன்று பார்ப்பதும் மனைவியும் மகளும்.

காணி துண்டுபடக் கூடாது என்பதற்காக அது ஒருவருக்கே சேரவேண்டும் என்று சட்டம் வகுத்தது. பின்னுரித்தாளரின் பெயர் குறிக்கப்படாவிட்டால், அச்சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி மகளுக்கு முன் மகன், சகோதரிக்கு முன் சகோதரன். கணவனை இழந்தவள் காணியை அனுபவிக்கலாம். விற்க முடியாது, தனக்குப் பின் யாருக்கு என்று பெயர் குறிக்கவும் முடியாது. மறுமணம் செய்தால் இருந்த உரிமையும் போய்விடும். சட்டம் ‘வாழ்க்கைத்துணை’ என்று பொதுவாகவே சொன்னது. ஆனால் பேர்மிற் ஆண்களின் பெயரில் இருந்தமையால் இக்கட்டுப்பாடு விழுந்தது பெண்களின் தலையிலேதான்.

இதனால் ஒரு மாவட்டத்தின் வருமானம் எப்படிக் குறைகிறது? தென்னை காய்க்க ஆறேழு வருடம் செல்லும். நாளை மூத்த மகனுக்கோ கணவனின் சகோதரனுக்கோ போகக்கூடிய காணியில் எந்தப் பெண் துணிந்து தென்னை வைப்பாள், கிணறு வெட்டுவாள்? கடன் கேட்டுப் போனாலும் காணி யாருடைய பெயரில் என்பதே முதற் கேள்வி. எனவே அவள் ஒரு போக நெல்லோடு நின்று, மிகுதி நாட்களில் ஆண்களிலும் குறைந்த கூலிக்குப் பிறர் வயலில் இறங்குகிறாள். நிலமும் உழைப்பும் இருந்தும் முதலீடு இல்லை. பெண் விவசாயிகளுக்கு ஆண்களுக்குச் சமமான வளங்கள் கிடைத்தால் அவர்களது விளைச்சல் 20 முதல் 30 வீதம்வரை கூடும் என்று உலக உணவு விவசாய நிறுவனம் 2011இல் கணக்கிட்டது. அரிசியையும் தேங்காயையும் நம்பியிருக்கும் வன்னிக்கு இது சிறிய தொகையல்ல.

2009இல் போர் முடிந்தபின் இங்கு எத்தனையோ குடும்பங்களைப் பெண்களே நடத்துகின்றனர். கணவன் காணாமற்போனவளின் நிலை இன்னும் சிக்கலானது. மரணச் சான்றிதழ் இல்லாமல் பேர்மிற்றை மாற்ற வழியில்லை. காணாமற்போனமைக்கான சான்றிதழுக்குச் சட்டம் வந்ததே 2016இல்தான்.

பின்னுரிமையில் ஆண்களுக்கிருந்த முன்னுரிமையை நீக்கும் திருத்தம் 2022இல் நிறைவேறியது. 87 வருடம் என்பது மூன்று தலைமுறை! இத்தனைக்கும் பழைய சட்டத்திலேயே பேர்மிற்காரர் தம் மகளைப் பின்னுரித்தாளராகப் பெயர் குறிக்கத் தடை இருக்கவில்லை. குறித்தவர்கள்தான் சிலர்.

ஆகவே வாசகர்களே, பெட்டிக்குள் இருக்கும் பேர்மிற்றை ஒருதரம் எடுத்துப் பாருங்கள். பின்னுரித்தாளர் பெயர் பதியப்பட்டுள்ளதா? இல்லையெனில் பேர்மிற்காரர் உயிரோடிருக்கும்போதே பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குச் சென்று பதியவேண்டும். போகும்போது மனைவியையும் மகளையும் கூட்டிச் செல்லுங்கள்.