நிழற்படமும் நிவாரணமும் – 7: பலகை ஏந்திய பிள்ளைகள்

போன வாரம் டேவிட் சேமூரை வார்சாவில் விட்டுவிட்டு வந்தோம். நண்பர்கள் 'சிம்' என்று அழைத்த அந்தக் கலைஞர், 1948-இல் யுனிசெஃபுக்காக ஆஸ்திரியா, கிரீஸ், ஹங்கேரி, இத்தாலி, போலந்து ஆகிய ஐந்து நாடுகளிலும் போரில் அடிபட்ட குழந்தைகளைப் படமெடுத்தார். வீட்டை வரையச் சொன்னபோது கரும்பலகை முழுக்கச் சுழல் சுழலாகக் கிறுக்கிவிட்டு, கேமராவை வெறித்துப் பார்த்த சிறுமி தெரெஸ்காவின் படத்தை மறந்திருக்க மாட்டீர்கள். உலகமெங்கும் அச்சான படம் அது. ஆனால் தெரெஸ்கா உண்மையில் யார், அப்புறம் அவள் என்னவானாள் என்பது அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக வெளியுலகுக்குத் தெரியாமலே இருந்தது.

இது சிம்மின் குற்றமில்லை. அவருடைய பெற்றோரையே நாஜிகள் கொன்றிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளை அவர் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. உதவி செய்யும் நிலையில் இருந்தவர்களின் கண்ணில் படவேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் படங்களை எடுத்தார். ஆனால் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே ஜெர்மனியின் ஒரு கிராமத்தில் வேறுவிதமான படங்கள் எடுக்கப்பட்டன. புகைப்பட வரலாற்று நூல்களில் அவற்றுக்குப் பெரிய இடமில்லை. என் கணக்கில், இந்தத் தொடரில் நாம் பார்க்கும் படங்களிலேயே உருப்படியான காரியம் செய்தவை அவைதான்.

பவேரியாவில், டாஹவ் வதைமுகாமிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஊர் இண்டர்ஸ்டோர்ஃப். 1945 கோடையில் அங்கிருந்த பழைய மடாலயத்தில், ஐ.நா.வின் நிவாரண அமைப்பான உன்ரா ஒரு குழந்தைகள் மையத்தைத் தொடங்கியது. துணைக்கு யாருமின்றி அலைந்த பிள்ளைகளுக்காக அமெரிக்க ஆக்கிரமிப்புப் பகுதியில் தொடங்கப்பட்ட முதல் பன்னாட்டு மையம் அது. வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. வதைமுகாம்களில் பிழைத்த யூதச் சிறுவர்கள் இருந்தார்கள். கட்டாய வேலைக்குக் கடத்திவரப்பட்ட போலந்து, உக்ரைன் பிள்ளைகள் இருந்தார்கள். அப்படிக் கடத்திவரப்பட்ட பெண்களுக்குப் பிறந்து, தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட கைக்குழந்தைகளும் இருந்தார்கள்.

அங்கே வேலை செய்தவர்களில் கிரெட்டா ஃபிஷர் என்ற சமூகப் பணியாளரைக் குறிப்பிட்டாக வேண்டும். செக் நாட்டு யூதப் பெண். லண்டனுக்குத் தப்பிப்போய், அங்கே குழந்தை உளவியலாளர் ஆன்னா ஃப்ராய்டின் குழந்தைகள் காப்பகத்தில் பயிற்சி பெற்றவர். ஃபிஷருக்கும் உடன் இருந்தவர்களுக்கும் சோறு போடுவதை விடக் கடினமான வேலை ஒன்று இருந்தது: எதிரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை யார் என்று கண்டுபிடிப்பது. முகாமில் வயதைக் கூட்டிச் சொன்ன சிறுவன்தான் உயிர் பிழைத்தான். சின்னப் பையன் என்றால் நேராக நச்சுவாயு அறை. விடுதலைக்குப் பிறகு கணக்கு தலைகீழானது. பதினாறு வயதுக்குட்பட்டவர்களைத்தான் இங்கிலாந்து ஏற்கும் என்று தெரிந்ததும், அதே பையன்கள் வயதைக் குறைத்துச் சொன்னார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

1945 அக்டோபரில் சார்ல்ஸ் ஹேக்கர் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் அங்கே வந்தார். ஒவ்வொரு பிள்ளையாகக் கேமராவுக்கு முன்னால் நிறுத்தி, கையில் பெயர் எழுதிய பலகையைக் கொடுத்துப் படமெடுத்தார். முதலில் பார்த்தால் காவல் நிலையத்தில் எடுத்தவை போலத்தான் தோன்றும். ஒளியில் வித்தை இல்லை, கோணத்தில் கற்பனை இல்லை. சிலர் சிரிக்கிறார்கள், சிலர் முறைக்கிறார்கள். பத்திரிகைகளில் வெளியிட்டால் எங்காவது ஒரு தாயோ அண்ணனோ அத்தையோ பார்க்கமாட்டார்களா என்பதுதான் நோக்கம். கம்பளி, மருந்து, ரொட்டி ஆகியவற்றோடு இந்தப் படமும் ஒரு நிவாரணப் பொருள். அந்தப் பலகையை எடுத்துவிட்டால் படத்துக்கு வேலையே இல்லை.

பலன் கிடைத்ததா? யூதப் பிள்ளைகள் பலருக்குத் தேடி வர வீட்டில் ஒருவரும் மிஞ்சியிருக்கவில்லை என்பதே கசப்பான உண்மை. ஆனால் படங்கள் அழியவில்லை. 2011-இல் வாஷிங்டனிலுள்ள யூத இன அழிப்பு நினைவு அருங்காட்சியகம், போருக்குப் பின் ஐரோப்பாவில் எடுக்கப்பட்ட இத்தகைய 1,100-க்கும் மேற்பட்ட படங்களை இணையத்தில் போட்டு, 'இவர்களைத் தெரியுமா?' என்று கேட்டது. நூற்றுக்கணக்கானோர் அடையாளம் காணப்பட்டார்கள். ஆன்னா அன்ட்லாவர் என்ற ஆசிரியை, இண்டர்ஸ்டோர்ஃப் பிள்ளைகளைப் பல நாடுகளிலும் தேடிப் பிடித்தார். தாத்தா பாட்டிகளாகிவிட்ட அவர்களில் பலர், அவர் முயற்சியால் அந்த மடாலயத்துக்கே திரும்பி வந்து ஒருவரையொருவர் சந்தித்தார்கள்.

1994 இனப்படுகொலைக்குப் பிறகு ருவாண்டாவில் இந்தச் சிக்கல் இன்னும் மோசம். பிரிந்துபோன பிள்ளைகள் ஒரு லட்சத்துக்கும் மேல். அவர்களில் தன் பெயரோ ஊரோ சொல்லத் தெரியாத மழலைகளும் இருந்தார்கள். பலகையில் எதை எழுதுவது? முகத்தை மட்டும் படமெடுத்து, மக்கள் கூடும் இடங்களில் ஒட்டினார்கள். செஞ்சிலுவையும் யுனிசெஃபும் மற்ற அமைப்புகளும் இதைச் செய்தன.

இன்றைக்கு நிலைமை வேறு. பெயரை வெளியே சொல்வதே ஆபத்து. அகதிகள் ஊரில் விட்டுவந்த உறவினரைப் பழிவாங்க ஆள் இருக்கிறது. ஆள்கடத்தும் கும்பலும் அதே படத்தைப் பார்க்கும். அதனால் 2013-இல் செஞ்சிலுவை இயக்கம் ஐரோப்பாவில் தொடங்கிய 'ட்ரேஸ் தி ஃபேஸ்' திட்டத்தில், தேடுகிறவரின் படம் மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. 'தம்பியைத் தேடுகிறேன்', 'அம்மாவைத் தேடுகிறேன்' என்பது மட்டும் தெரியும். அடையாளம் கண்டவர் செஞ்சிலுவையைத்தான் தொடர்புகொள்ள வேண்டும். சின்னப் பிள்ளைகளின் படங்களை அதன் ஊழியர்களைத் தவிர வேறு யாரும் பார்க்க முடியாது.

இந்தத் திட்டத்தின் படங்களிலும் பெயர் இல்லை, நன்கொடை கேட்கும் துண்டறிக்கைகளில் வரும் படங்களிலும் பெயர் இல்லை. ஆனால் இங்கே பெயரை மறைப்பது படத்தில் இருப்பவரின் பாதுகாப்புக்காக. அங்கே, பல சமயம், அதைக் கேட்டு எழுதிக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. அகதி முகாமுக்குக் கேமராவோடு போகும் இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: எடுக்கும் படத்தில் ஒரு பிரதி, படத்தில் இருப்பவர் கைக்குப் போகட்டும். ஓடிவந்தவர்களில் பலரால் குடும்ப ஆல்பத்தை எடுத்துவர முடிவதில்லை.

வாசகர்களுக்கும் ஒரு செய்தி. போரில் பிரிந்த உறவைத் தேடும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், அவர்கள் தமிழ்நாட்டில் முகாமில் வாழும் ஈழத்தமிழராகவும் இருக்கலாம். குடும்பத்தொடர்பை மீட்டுத்தரும் சேவை இந்தியச் செஞ்சிலுவைச் சங்கத்திடமும் உண்டு. அதற்குக் கட்டணம் கிடையாது. அவர்களிடம் சொல்லுங்கள்.

(தொடரும்)